புல் வேருக்கு மூச்சு விட இடம் வேண்டும்

வீட்டுப் புல்தரை மஞ்சளடித்தால் முதலில் கை போவது தண்ணீர்க் குழாய்க்கு, அடுத்தது உரப் பைக்கு. சிங்கப்பூரில் இரண்டுமே பெரும்பாலும் தப்பு. சாங்கி வானிலை நிலையத்தின் 1991 முதல் 2020 வரையிலான சராசரியைப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை, ஏறக்குறைய 170 மழை நாள். இப்படிப்பட்ட ஊரில் தரைவீட்டு முற்றத்துப் புல் தாகத்தால் சாவது அரிது. மண் இறுகி, நீர் தேங்கி, வேருக்குக் காற்று கிடைக்காமல் சாவதுதான் அதிகம். அந்த நேரத்தில் குழாயைத் திறந்துவிடுவது, மூழ்குகிறவன் வாயில் இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது போல.

அதனால் எதையும் வாங்கும் முன் ஒரு துண்டு மண்ணை வெட்டிப் பாருங்கள். பெருமழை பெய்த மறுநாள், புல் மோசமாக இருக்கும் இடத்தில் மண்வெட்டியை 15 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, கேக் துண்டு போல ஓர் ஆப்பு எடுங்கள். பிறகு நல்ல இடத்தில் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல துண்டில் வெள்ளை வேர்கள் 10 செ.மீ.க்குக் கீழேயும் இறங்கியிருக்கும். கையால் பிட்டால் மண் உதிரும், மழை மண் வாசனை வரும். கெட்ட துண்டில் வேர் இரண்டு மூன்று செ.மீ.யோடு நின்று பக்கவாட்டில் திரும்பியிருக்கும், நுனி பழுப்பாக இருக்கும். அதற்குக் கீழே மண் சாம்பல் பூத்து, நடுவில் துருப்பிடித்த ஆணியைத் தேய்த்ததுபோல ஆரஞ்சுக் கோடுகள் ஓடும். மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை வாடை. இந்தக் கோடுகளும் வாடையும் இருந்தால் அந்த இடத்தில் நீர் நாள்கணக்கில் தேங்குகிறது என்று பொருள். அங்கே எத்தனை கிலோ உரம் போட்டாலும் எடுத்துக்கொள்ள வேரே இல்லை.

இன்னும் எளிய சோதனை ஒன்று: 15 செ.மீ. நீளமுள்ள ஸ்க்ரூடிரைவரை ஈர மண்ணில் கையால் அழுத்துங்கள். பிடிவரை இறங்கினால் சரி. பாதியில் நின்றால் மண் இறுகிவிட்டது. 'டக்' என்று கல்லில் மோதினால் கீழே கட்டட இடிபாடு கிடக்கிறது. வீடு கட்டும்போதோ புதுப்பிக்கும்போதோ லாரிகளும் தோண்டும் இயந்திரங்களும் ஓடிய தரைமேல் பத்து செ.மீ. மண்ணைக் கொட்டி, பாய் போல வெட்டிய புல்லை விரித்துவிட்டுப் போவது இங்கே சாதாரணம். முதல் ஆறு மாதம் பச்சைப்பசேல் என்றிருக்கும். அடுத்த மழைக்காலத்தில் குட்டு வெளிப்படும்.

இறுகிய மண்ணால் புல்லுக்கு மட்டும் கேடில்லை. டெங்கித் தடுப்புக்காகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் வீடுகளில் செய்யச் சொல்லும் வேலைகளில் 'கெட்டியான மண்ணைக் கிளறிவிடுங்கள்' என்பதும் ஒன்று. கெட்டியான மண்மேல் நிற்கும் சிறு குட்டை ஏடிஸ் கொசுவுக்குப் போதும். ஆகவே புல்தரையில் நீர் வடிய வழி செய்வது இரட்டை வேலை.

நீர் எவ்வளவு வேகமாக வடிகிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி. அதில் நீர் நிரப்பி முழுதும் வடியவிட்டு, மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரம் கழித்து மட்டம் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். 2.5 செ.மீ. அல்லது அதற்குமேல் இறங்கினால் துளையிட்டு மணல் கலவை தூவினாலே மண் தேறிவிடும். ஒரு செ.மீ. கூட இறங்கவில்லை என்றால் வடிகால் போடத்தான் வேண்டும்.

துளையிடுவதில் ஒரு நுணுக்கம். நான்கு முள் உள்ள தோட்ட முள்கரண்டியைக் குத்தி ஆட்டுவது அவசரத்துக்கு உதவும். ஆனால் களிமண் நனைந்திருக்கும்போது அது மண்ணை எடுப்பதில்லை, பக்கங்களில் அழுத்திப் பூசிவிடுகிறது. மண்ணைக் குச்சி குச்சியாக வெளியே எடுக்கும் உள்ளீடற்ற குழல் முள் உள்ள கருவிதான் நல்லது. மண் ஈரமாக இருக்கலாம், கையில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். துளை 8 முதல் 10 செ.மீ. ஆழம், துளைக்குத் துளை 10 முதல் 15 செ.மீ. இடைவெளி. வெளியே வந்த மண் குச்சிகளை அள்ளிவிடுங்கள். களிமண்ணைத் திரும்பத் தூளாக்கித் துளைக்குள் தள்ளுவதில் அர்த்தமில்லை.

துளைகளில் போக வேண்டியது கழுவிய ஆற்று மணல் ஏழு பங்கு, நன்றாக மக்கிய உரம் மூன்று பங்கு. 5 மி.மீ. கனத்துக்குத் தூவ ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை பிடிக்கும். 20 சதுர மீட்டர் முற்றத்துக்கு 100 லிட்டர். தூவியபின் துடைப்பத்தின் பின்பக்கத்தால் இழுத்துவிட்டால் கலவை துளைகளில் இறங்கும், இலை நுனிகள் மேலே தெரியும். இலை மூடிப்போனால் கலவை அதிகம். கடல் மணல் வேண்டாம், உப்பு வேரைச் சுடும். துளையிடாமல் களிமண்மேல் மணலை மட்டும் இரண்டு மூன்று செ.மீ. கொட்டுவதும் வேண்டாம். மணலுக்கும் களிமண்ணுக்கும் நடுவே நீர் நின்றுகொள்ளும், வேர் அந்தக் கோட்டைத் தாண்டாது. ஜிப்சம் போட்டால் களி இளகும் என்று கடைகளில் சொல்வார்கள். சோடியம் மிகுந்த மண்ணுக்குத்தான் அது மருந்து. மழை கழுவிக் கழுவி அமிலமாகிப்போன நம் மண்ணுக்கு அந்தக் காசை மக்கிய உரத்தில் போடுவது மேல். துளையிடும் வேலையை ஆண்டுக்கு இரண்டு முறை செய்யலாம். பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்துக்கு மூன்று முறை.

வடிகால் போடுவதானால் 30 முதல் 40 செ.மீ. ஆழம், 20 செ.மீ. அகலத்தில் பள்ளம். அடியில் வடிதுணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவில் 100 மி.மீ. துளைக்குழாய், சுற்றிலும் 20 மி.மீ. ஜல்லி, துணியை மடித்து மூடி, மேலே பத்துப் பன்னிரண்டு செ.மீ. மணல் கலந்த மண். குழாயின் வாய் வீட்டோரக் கால்வாயின் அடிமட்டத்துக்கு மேலே திறக்க வேண்டும். அடிமட்டத்துக்குக் கீழே போனால் குழாய்க்குள்ளேயே நீர் நின்று கொசுவுக்குத் தொட்டில் கட்டியதாகிவிடும்.

இனி வெட்டுவது. புல்தரை கெடுவதற்கு மண்ணுக்கு அடுத்த காரணம் இதுதான் என்பேன். மாதம் ஒரு முறை ஆள் வந்து, நைலான் கயிறு சுழலும் இயந்திரத்தால் மண் தெரிய மழித்துவிட்டுப் போகிறார். 'ஒட்ட வெட்டினால் அடுத்த மாதம் வரை கவலையில்லை' என்று வீட்டுக்காரரும் அதையே கேட்கிறார். இங்கே வீடுகளில் ஆக அதிகமாக இருக்கும் அகன்ற இலைக் கவ் கிராஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓடுதண்டு மண்ணுக்கு மேலேயே படர்கிறது, கணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. நிலத்துக்கு அடியில் சேமிப்புத் தண்டு கிடையாது. கயிறு தரையைத் தொட்டால் இலையோடு கணுவும் போய்விடும். மறுநாள் உச்சி வெயில் வெறும் தண்டின்மேல் விழுந்து அதைச் சுட்டுவிடும். திறந்த மண்ணில் களை விதைகள் முளைக்கும். ஒட்ட வெட்டச் சொன்னவர் களைக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தவர்.

ஒரு தடவை வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்கக் கூடாது. கவ் கிராஸை 5 செ.மீ.யில் வைக்க விரும்பினால் 7.5 செ.மீ. தொடும்போது வெட்ட வேண்டும். மழைக்காலத்தில் அது பத்து நாளுக்கு ஒரு முறை வரும், வறண்ட வாரங்களில் மூன்று வாரம் தாங்கும். குட்டையான பேர்ல் கிராஸுக்கு 3 முதல் 4 செ.மீ., சோய்சியா என்ற புல் வகைக்கு 2.5 முதல் 4 செ.மீ. போதும். மாதம் ஒரு முறைதான் ஆள் வருவார் என்றால் உயரத்தைக் கூட்டி வையுங்கள். பார்க்கக் கொஞ்சம் அடர்ந்து தெரியும், ஆனால் உயிரோடு இருக்கும். வெட்ட வரும் தம்பியிடம் செ.மீ. கணக்குச் சொல்வதைவிட, 'தம்பி, மூணு விரல் உயரம் விட்டு வெட்டுங்க' என்று விரலை மண்மேல் படுக்கவைத்துக் காட்டுங்கள். உடனே புரியும். மூன்று விரல் ஏறக்குறைய 5 செ.மீ. காலைப் பனியோ மழை ஈரமோ இலையில் இருந்தால் வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

தள்ளும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் வெட்டிய மறுநாள் இலை நுனியைப் பாருங்கள். நேர்க்கோடாக வெட்டுப்பட்டிருந்தால் கத்தி சரி. நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் கத்தி மழுங்கிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் புல்தரை முழுதும் சாம்பல் படர்ந்ததுபோல் தெரியும், நோய் என்று நினைத்து மருந்து தேடுவார்கள். கத்தியைத் தீட்டினால் போதும். மெலிதாக விழும் துண்டுகளை அப்படியே விடுங்கள், உரத் தேவையில் கால் பங்குவரை அதிலிருந்தே திரும்பக் கிடைக்கும். கற்றையாக விழுந்தால் வாரிவிடுங்கள். கால்வாயில் விழுந்ததைக் கட்டாயம் அள்ளுங்கள்.

வெளிச்சம் மூன்றாவது. நம் தீவு பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேலே இருப்பதால் சூரியன் ஆண்டில் பாதி நாள் வடக்குப் பக்கம், பாதி நாள் தெற்குப் பக்கம் சாய்ந்து போகிறது. கிழக்கு மேற்காக ஓடும் மதில் சுவர் இருந்தால் ஜூனில் அதன் தெற்குப் பக்கமும் டிசம்பரில் வடக்குப் பக்கமும் நிழலில் கிடக்கும். 2 மீட்டர் சுவருக்கு, சூரியன் உச்சியில் நிற்கும் பகல் ஒரு மணி வாக்கிலும்கூட முக்கால் முதல் ஒரு மீட்டர் நிழல் விழும். 'போன மாதம் நன்றாக இருந்த ஓரம் இப்போது ஏன் மெலிந்தது?' என்ற கேள்விக்குப் பல வீடுகளில் விடை இதுதான். அங்கே உரம் கூட்டாதீர்கள். நிழலில் தழைச்சத்துக் கொடுத்தால் இலை நீண்டு, நொய்ந்து, பூஞ்சைக்கு இரையாகும். வெட்டும் உயரத்தை ஒரு செ.மீ. கூட்டிவிட்டுச் சூரியன் திரும்பும்வரை பொறுத்திருங்கள்.

புல் வகையைத் தேர்வதும் வெளிச்சக் கணக்குத்தான். பெர்முடா என்று விற்பது நம் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும். முழு வெயில் இல்லாத இடத்தில் அது பிழைக்காது, நாளுக்கு ஆறேழு மணி நேர நேர் வெயில் வேண்டும். சோய்சியாவுக்கு ஐந்தாறு மணி. கவ் கிராஸும் பேர்ல் கிராஸும் மூன்று நான்கு மணி நேரத்தில் சமாளிக்கும். அதற்கும் குறைவான இடத்தில், இரண்டு டெரஸ் வீடுகளுக்கு நடுவே உள்ள சந்து மாதிரி, எந்தப் புல்லும் வேண்டாம். மோண்டோ போன்ற நிழல் தாங்கும் தரைச்செடியோ சரளைக் கல்லோ போட்டுவிடலாம். கறுப்பாக வழுக்கும் பாசி படிந்திருந்தால் அந்த இடம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. (விநாயகருக்குச் சாத்தவோ சாறு பிழியவோ அருகம்புல் பறிப்பவர்கள், மருந்தும் உரமும் படும் புல்தரையை விட்டுவிட்டுத் தனித் தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள்.)

உரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 15-15-15 கலப்பு உரம் ஒரு சதுர மீட்டருக்கு 20 கிராம், இரண்டரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. 20 சதுர மீட்டருக்கு 400 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், கைப்பிடிக் கணக்கு வேண்டாம். இரண்டு பங்காகப் பிரித்து ஒன்றை நீளவாக்கிலும் மற்றதை அகலவாக்கிலும் தூவினால் வரிவரியாகப் பச்சை மஞ்சள் விழாது. இலை உலர்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் தெளித்து உர மணிகளை இலையிலிருந்து இறக்கிவிடுங்கள். பெருமழைக்குச் சற்று முன் தூவினால் உரம் கால்வாய்க்குப் போகும். யூரியா மலிவுதான், ஆனால் சதுர மீட்டருக்கு 5 கிராமைத் தாண்டினால் சுடும். மண் புளித்திருந்தால், அதாவது பிஹெச் அளவு 5க்கு அருகே இருந்தால், டோலமைட் சுண்ணாம்பு சதுர மீட்டருக்கு 50 முதல் 100 கிராம். உரத்துக்கும் அதற்கும் நடுவே மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். ஒன்றாகப் போட்டால் தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும்.

இதற்கு நேர்மாறான ஒரு சிக்கலும் உண்டு. முற்றத்தில் மற்ற இடமெல்லாம் பச்சை, சுவரோரமும் கால்வாயோரமும் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள். குனிந்து இளம் இலையைப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் நரம்புக்கு நடுவே வெளுப்பாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. சிமெண்டுக் கழிவு மண்ணைக் காரமாக்கி அதைப் பூட்டி வைத்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 3 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்பைக் கரைத்து, இரண்டு சதுர மீட்டருக்கு மாலையில் தெளித்தால் சில நாளில் பச்சை திரும்பும், சில வாரம் நிற்கும். ஓட்டிலும் சிமெண்டிலும் பட்டால் துருக்கறை பிடிக்கும், உடனே கழுவுங்கள். நிரந்தரத் தீர்வு அந்த ஒரு சாண் மண்ணை 15, 20 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டிச் சிமெண்டுத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்து நல்ல மண் போடுவதுதான். அந்த ஓரத்தில் மட்டும் சுண்ணாம்பு போட்டுவிடாதீர்கள், நிலைமை இன்னும் மோசமாகும்.

தண்ணீர் எப்போது? சராசரியில் ஆகக் குறைந்த மழை பிப்ரவரியில். 2014 தொடக்கத்தில் வந்ததுபோல நீண்ட வறட்சியும் அந்தப் பருவத்தில் வரக்கூடும். வேர் ஊன்றிய புல்லுக்கு நான்கைந்து நாள் மழையில்லாமல் இருந்து, இலை மடங்கி நீலச் சாம்பல் சாயல் காட்டி, நடந்தால் காலடித் தடம் எழும்பாமல் நின்றால்தான் நீர் வேண்டும். அப்போது காலையில் ஒரே தடவையாக 10 மி.மீ. ஊற்றுங்கள். தெளிப்பான் அடியில் காலி டூனா டின் ஒன்றை வைத்தால் ஒரு செ.மீ. நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துவிடும். 20 சதுர மீட்டருக்கு 200 லிட்டர். 2025 ஏப்ரல் முதல் வீட்டுக் குடிநீர் ஒரு கன மீட்டர் 3.24 வெள்ளி என்பதால், ஜிஎஸ்டி சேர்க்காமல் 65 காசு ஆகும். தினமும் இரவில் ஐந்து நிமிடம் தெளிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இலை இரவெல்லாம் நனைந்திருந்தால் ரைசோக்டோனியா போன்ற பூஞ்சைகள் வட்ட வட்டமாகப் பழுப்புப் போட்டுவிடும், வேரும் மேலேயே தங்கிவிடும்.

மைனாக்கள் கூட்டமாக இறங்கி ஒரே இடத்தில் கொத்திக்கொண்டிருந்தால் கவனியுங்கள். கீழே புழு இருக்கிறது. 4 லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மேசைக்கரண்டி கலந்து ஒரு சதுர மீட்டரில் மெதுவாக ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்குள் படைப்புழுவும் பிள்ளைப்பூச்சியும் மேலே வந்துவிடும். எண்ணிப் பார்த்துவிட்டு நல்ல நீரால் கழுவுங்கள். இரண்டு மூன்று வந்தால் மைனாவே பார்த்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து பச்சைப் புழுக்கள் வந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா அடங்கிய மருந்தை மாலையில் இலைமேல் படும்படி தெளியுங்கள். புழு சிறிதாக இருக்கும்போதுதான் அது கேட்கும். வெள்ளை வேர்ப்புழு சோப்புத் தண்ணீருக்கு வராது. புல் பாய்விரிப்பு மாதிரி கையோடு உரிந்து வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள், வந்தால் வேரைத் தின்றுவிட்டது.

களைகளில் ஆகப் பிடிவாதம் கோரைதான். தண்டை விரலால் உருட்டினால் முக்கோணமாகத் தட்டுப்படும். இழுத்தால் மேலே உள்ளது மட்டும் வரும், கிழங்கு கீழே சங்கிலியாக நிற்கும். மழைக்கு மறுநாள் குறுகிய மண்கொத்தியால் கிழங்கோடு தோண்டுங்கள். மீண்டும் முளைத்தால் ஐந்தாறு இலை விடும் முன் மறுபடி எடுங்கள். அதற்கு மேல் விட்டால் புதுக் கிழங்கு கட்டிவிடும். கால்சட்டையில் ஒட்டும் ஊசிப்புல், தொட்டாற்சிணுங்கி இரண்டையும் பூக்கும் முன் வேரோடு எடுத்தால் போதும்.

கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று முற்றத்தில் பந்தல் போடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. தீபாவளியும் பொங்கலும் மழை மாதங்களில் வருகின்றன. நனைந்த மண்ணில் நூறு பேர் நடந்தால் ஓராண்டு வேலை ஒரே மாலையில் இறுகிப்போகும். விழாவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து வெட்டாதீர்கள், உரமும் போடாதீர்கள். பிளாஸ்டிக் விரிப்பை ஓர் இரவுக்குமேல் விடாதீர்கள். அடியில் சூடு ஏறிப் புல் வெந்துவிடும். பந்தல் பிரித்ததும் மண் பதத்துக்கு வரக் காத்திருந்து, நாற்காலி வரிசை இருந்த இடத்தில் துளையிட்டுக் கலவை தூவுங்கள்.

வெறுமையாகிப்போன இடத்துக்குப் புதுப் பாய் வாங்கத் தேவையில்லை. வேலியோரம் அடர்ந்த இடத்திலிருந்து கவ் கிராஸ் ஓடுதண்டுகளை இரண்டு மூன்று கணுவோடு வெட்டி, மண்ணை 10 செ.மீ. கிளறி, 15 செ.மீ. இடைவெளியில் ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி பதித்து, காலால் மெல்ல மிதித்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் மழையில்லாத நாள்களில் காலை மாலை லேசாகத் தண்ணீர். ஆறு முதல் எட்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். சோய்சியாவுக்கு இதே வேலைக்குப் பல மாதம் பிடிக்கும். அதுவரை அங்கே முளைக்கும் கோரையைக் கையால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.